மாமனார் பல்லுக்கு ஜன்னலோரம்

திருநெல்வேலியிலேயே பிறந்து, திருநெல்வேலியிலேயே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தனுக்கு பஸ்ஸில் போகத் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நானே நம்பவில்லை. கல்லூரியில் சேர்ந்த வருஷம் அப்பா ஒரு மொபெட் வாங்கித் தந்தார். மொபெட்டிலிருந்து இறங்கி ஸ்கூட்டரில் ஏறினேன், ஸ்கூட்டரிலிருந்து இறங்கி பைக்கில் ஏறினேன். பஸ் என்பது எனக்கு முன்னால் போய்ப் புகை விடுகிற ஒரு சமாசாரம், அவ்வளவுதான்.

போன ஆவணியில் வண்ணார்பேட்டையில் பைக்கிலிருந்து விழுந்தேன். ஓடுகிற பைக்கிலிருந்து விழுந்தால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது, நாலு பேரிடம் சொல்லலாம். நான் நின்றுகொண்டிருந்த பைக்கிலிருந்து விழுந்தேன். ஸ்டாண்டு போட்டாயிற்று என்று நினைத்து இறங்கினேன். ஸ்டாண்டு அப்படி நினைக்கவில்லை. இடது மணிக்கட்டு போனது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், கட்டைப் பிரிக்கிறவரை வண்டிச் சாவியைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆட்டோவில் போங்க என்றாள் வீட்டுக்காரி. உள்ளூர்க்காரன் பஸ்ஸில் போகாமல் வேறு எவன் போவான் என்று கேட்டுவிட்டு, பாளையங்கோட்டை ஸ்டாப்பில் போய் ஜம்பமாக நின்றேன். முதலில் வந்த பஸ்ஸின் முன்பக்கம் ரோஸ் நிறத்தில் இருந்தது. மகளிருக்குக் கட்டணமில்லை என்று எழுதியிருந்தது. ஆண்களுக்கு அனுமதியில்லை என்று நானாகப் படித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அடுத்ததும் ரோஸ், அதற்கடுத்ததும் ரோஸ். பள்ளிக்கூடம் விட்டதும் மழைக்கு ஒதுங்கிய பையன் மாதிரி நான் நின்றதைப் பார்த்து, பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் இரக்கப்பட்டு, துட்டுக் கொடுத்தால் ஆம்பிளைகளையும் ஏற்றிக்கொள்வார்கள் என்று விளக்கினாள்.

ஏறினால் உள்ளே வேறு குழப்பம். பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டி ஒரு இருபது ரூபாய்த் தாளை நீட்டினார். கை ஒடிந்தவன் என்று பார்த்து இரக்கப்பட்டுத் தருகிறாராக்கும் என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. வேண்டாம் அண்ணாச்சி, எனக்கு வேலை இருக்கிறது என்று ஒற்றைக் கையால் கும்பிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எனக்கு அந்தப்பக்கம் நின்றவரைத் தட்டினார். தாள் அவரிடமிருந்து இன்னொருவர், இன்னொருவரிடமிருந்து கண்டக்டர் என்று போய், அதே வழியில் டிக்கெட்டும் மீதியும் திரும்பி வந்தன. ஊரே ஒருவருக்கொருவர் துட்டைக் கைமாற்றிக்கொண்டிருக்க, நடுவில் நான் மட்டும் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பத்துப் பதினைந்து நாளில் தேறிவிட்டேன். டிரைவர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே எந்தப் பக்கம் சாய்வது, கம்பியைப் பிடிக்காமல் சீட்டு முதுகில் இடுப்பை எப்படி முட்டுக்கொடுப்பது, இதெல்லாம் கைவந்தது. ஆனால் என்னை மயக்கியது ஒன்றே ஒன்றுதான், இடம் போடுவது. புது பஸ்டாண்டில் வெளியூர் வண்டி உள்ளே திரும்பும்போதே நாலு பேர் அதன் கூடவே ஓடுவார்கள். ஓட்டத்திலேயே ஜன்னல் வழியாக ஒரு துண்டையோ கைக்குட்டையையோ சீட்டில் எறிவார்கள். அப்புறம் அவசரமே இல்லாமல், டீ குடித்துவிட்டுப் பைய வந்து ஏறுவார்கள். அந்தத் துண்டை யாரும் தொடமாட்டார்கள். காலியாகக் கிடக்கும் சீட்டுக்குப் பக்கத்தில் கால் வலிக்க நிற்பார்களே தவிர, அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காரமாட்டார்கள். பத்திரப்பதிவு செய்த மனைக்குக்கூட இந்த ஊரில் அவ்வளவு மரியாதை கிடையாது. ஒருநாள் நானும் போடவேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

அந்த நாளை எனக்குக் கொண்டுவந்தது மாமனாரின் பல்.

மாமனாருக்கு ஆழ்வார்குறிச்சி. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாளுக்கு மறுநாள் காலையில் அவருக்குச் சதாபிஷேகம். அதற்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு சீடையைக் கடித்தார். சீடை தப்பித்துக்கொண்டது. மேல்வரிசைப் பல்செட்டு நடுவில் விரிசல் விட்டுவிட்டது. பாளையங்கோட்டையில் பல் டாக்டரிடம் கொடுத்தோம். அவர் இன்று நாளை என்று இழுத்து, விசேஷத்துக்கு முந்தின நாள்தான் தந்தார். வீட்டுக்காரி வேலைகளைப் பார்க்க முன்னாடியே ஆழ்வார்குறிச்சிக்குப் போய்விட்டாள். பல்லை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. பல் இல்லாமல் மணையில் உட்காரமாட்டேன் என்று மாமா அறிவித்திருந்தார். அதாவது அவர் அறிவித்ததாக அத்தை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கியாயிற்று, சமையல்காரர் அடுப்பு மூட்டியாயிற்று. பொக்கை வாயோடு நூறு பேர் முன்னால் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரிக்க அந்த மனிதருக்குச் சம்மதமில்லை. அவரை எதற்கும் சம்மதிக்க வைத்தவர் இதுவரை யாருமில்லை.

டாக்சியில் வாங்க என்று வீட்டுக்காரி போனில் சொன்னாள். நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். சரி, பல்லாவது வந்து சேரட்டும் என்றாள்.

பல்செட்டை டாக்டர் ஒரு சின்ன நீல டப்பாவில் போட்டுத் தந்தார். அது உள்ளே கடகடவென்று ஆடாமலிருக்க மாமாவுக்கென்று வாங்கிய புதுத் துண்டில் சுற்றி, மஞ்சப்பையில் வைத்தேன். புது பஸ்டாண்டுக்குள் நுழைந்தால் தலை தலையாகக் கூட்டம். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள். நடைமேடை நிரம்பிவழிந்ததால் வண்டிகள் நடுவிலேயே ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பாபநாசம் போர்டு போட்ட வண்டி ஒன்று உள்ளே திரும்பியது. அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் இறங்கி மாறிக்கொண்டால் ஆழ்வார்குறிச்சி. ஜனம் ஓடியது. நானும் ஓடினேன்.

இடம் போடவேண்டும். கைக்குட்டை பாக்கெட்டில் இருந்தது. பாக்கெட் இடது பக்கம். இடது கை கழுத்தில் தொங்கியது. வலது கையில் மஞ்சப்பை. பைக்குள் துண்டு இருந்தது, அதற்குள் பல் இருந்தது. யோசித்தால் இடம் போய்விடும் என்று மட்டும்தான் யோசித்தேன். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல் என்னைத் தாண்டி நகர்ந்தது. எட்டி, பையை உள்ளே விட்டேன். பை பூப்போல சீட்டில் போய் உட்கார்ந்தது. வாழ்க்கையில் ஒரு காரியத்தை இவ்வளவு சுத்தமாக நான் செய்ததில்லை.

அந்தப் பெருமையோடு திரும்பினேன். எனக்குப் பின்னாலேயே ஒரு பஸ் வாசல் திறந்திருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருப்பவர்களைத் தள்ளவேண்டியதில்லை, பின்னால் இருப்பவர்களே நம்மை உள்ளே ஏற்றிவிடுவார்கள் என்பது நான் ஏற்கெனவே கற்றிருந்த பாடம். ஏற்றிவிட்டார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசைக்குப் போனேன். ஜன்னலோரத்தில் மீசை வைத்த ஒரு பருத்த அண்ணாச்சி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பையைக் காணோம்.

அவர் பையின் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் உடம்புக்கு, அடியில் பல் இனிமேல் மாவாகத்தான் இருக்கும்.

“அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. அது என் இடம்.”

அவர் பேப்பரை மடிக்காமலே கேட்டார். “உம்ம இடம்னு எங்கன எழுதியிருக்கு வே?”

“பை போட்டிருந்தேன். மஞ்சப்பை.”

“நான் வண்டி உள்ள வரதுக்கு முன்னாலயே ஏறுனவன். இங்கன ஒரு பையும் கெடக்கல.”

பஸ்ஸில் உள்ளவர்கள் திரும்பினார்கள். இடம் போட்டதை எடுத்துவிட்டார் என்பது இந்த ஊரில் லேசான குற்றச்சாட்டு இல்லை. பின்சீட்டில் ஒருவர், பை போட்டால் போட்டதுதான், எந்திரிச்சுக் காட்டினால் என்ன என்று எனக்காகப் பேசினார். இன்னொருவர், அந்த அண்ணாச்சி அப்படிப்பட்ட ஆளாகத் தெரியவில்லையே என்றார். பையில் என்ன இருக்கிறது என்று ஒரு கிழவர் விசாரித்தார். முக்கியமான சாமான் என்றேன். நகையா என்றார். நான் வாயைத் திறக்காததால் நகைதான் என்று வண்டி முழுக்கத் தெரிந்துபோயிற்று. அண்ணாச்சி முகம் சிவந்து எழுந்து நின்றார். சீட்டில் ஒன்றுமில்லை. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், ஒரு வாழைப்பழத்தோல் கிடந்தது.

கண்டக்டர் வந்தார். எங்கே போகவேண்டும் என்று கேட்டார். அம்பாசமுத்திரம் என்றேன்.

“சார், இது ஏரல் வண்டி.”

நகையைத் தேடிக்கொண்டிருந்த வண்டி முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அந்தப் பேப்பருக்குப் பின்னால் அவர் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வண்டி. அதில் மூன்றாவது ஜன்னல். ஜன்னலுக்குள், ஒருத்தருக்கும் தொந்தரவில்லாமல், ஊருக்குக் கிளம்பிய பெரிய மனுஷன் மாதிரி என் மஞ்சப்பை உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது. நாம் நகர்கிறோமா அது நகர்கிறதா என்று ஒரு குழப்பம் வருமே, அதுவும் வந்தது. அதுதான் நகர்ந்தது.

ஏரல் வண்டியும் கிளம்பிவிட்டது, நான் போட்ட கூச்சலில் பஸ்டாண்டு வாசலில் நின்று என்னை இறக்கிவிட்டது. இறங்கும்போது அண்ணாச்சி ஜன்னல் வழியாகக் கேட்டார். “உண்மையச் சொல்லும் வே. பையில என்னதான் இருந்துச்சு?”

“பல்லு.”

“யாரு பல்லு?”

“மாமனார் பல்லு.”

“அப்பம் பயப்படாம போம். அதை எவனும் எடுக்கமாட்டான்.”

எடுக்கமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? ஆளில்லாத இடத்துக்குப் பை எவ்வளவு நேரம் காவல் காக்கும்? அந்த யோசனையில் இருக்கும்போது போன் அடித்தது. வீட்டுக்காரி.

“பஸ் கெடைச்சிட்டா?”

“பல்லு ஏறிட்டு.”

“நீங்க?”

“நானும் ஏறப்போறேன்.”

அவள் கணக்கு வாத்தியார் மகள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். “அப்பம் பல்லு தனியாவா வருது?”

“ஜன்னலோரமாத்தான் வருது” என்றேன், ஆறுதலாக இருக்கட்டுமே என்று. எந்த வண்டி, எந்த ஜன்னல் என்று கேட்டாள். பாபநாசம் வண்டி, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது, மஞ்சப்பை என்றேன். பின்னால் மாமாவின் குரல் கேட்டது. காற்று மட்டும்தான் வந்தது, ஆனால் கோபமான காற்று. திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“அப்பா செருப்ப மாட்டிட்டாவ” என்றாள் அவள். “அம்பைக்குக் கெளம்புதாவ. யாரையும் கூட வரவேண்டாம்னுட்டாவ. எம் பல்லு, நானே பாத்துக்கிடுதேன்னு கையக் காட்டுதாவ.” வைத்துவிட்டாள்.

அடுத்த பாபநாசம் வண்டி பின்னாலேயே வந்தது. யாரும் ஓடவில்லை. உள்ளே பாதி சீட்டு காலி. விரும்பிய ஜன்னலில் உட்கார்ந்துகொள்ளலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஏறுவதற்கு முன் போர்டைப் படித்தேன். டிரைவரிடம் கேட்டேன். கண்டக்டரிடம் கேட்டேன். ஏறிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமும் கேட்டேன். அவருக்கே சந்தேகம் வந்து அவரும் கண்டக்டரிடம் கேட்டார்.

கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். முன்வண்டிக் கண்டக்டரின் நம்பர் அவரிடம் இருந்தது. போன் போட்டார், எடுக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் எங்கே எடுப்பான் என்றார். மேலப்பாளையம் தாண்டிற்று, பத்தமடை தாண்டிற்று. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயல், வாழை, கால்வாய். மற்ற நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு எதிரே தெரிந்ததெல்லாம் வெவ்வேறு அளவிலான மனிதர்கள் ஒரு மஞ்சப்பையின் மேல் உட்காருகிற காட்சிதான். மெலிந்தவர் உட்கார்ந்தால் பல் பிழைக்குமா? டப்பா பிளாஸ்டிக்தான், ஆனாலும் கெட்டிப் பிளாஸ்டிக். பொக்கை வாயோடு மாமா மணையில் உட்காராமல் திரும்பிக்கொள்வதும், மொத்தச் சொந்தமும் என்னைத் திரும்பிப் பார்ப்பதும் வரிசையாக வந்தன. இதற்கு நடுவில் பக்கத்திலிருந்தவர் அவருக்குத் தெரிந்த பல் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய பெரியப்பாவின் பல் கிணற்றில் விழுந்த கதை சேரன்மகாதேவி வரைக்கும் வந்தது.

சேரன்மகாதேவி பஸ்டாண்டில் முன்வண்டி நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலில் மஞ்சள் தெரிந்தது. பக்கத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் உட்காரவில்லை. நான் குதித்து ஓடினேன். நான் அதன் பின்பக்கத்தைத் தொடும்போது அது கிளம்பியது. திரும்பினேன், என் வண்டி கிளம்பியது. ஒன்று முன்னால் போகிறது, ஒன்று என்னைத் தாண்டிப் போகப்போகிறது. எதைத் துரத்துவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். டிராபிக் போலீஸ்காரர் என்று நினைத்து ஒரு மினி லாரி நின்றது. என் வண்டிக் கண்டக்டர் விசிலடித்து நிறுத்தி, சட்டையைப் பிடித்து ஏற்றினார். “சார், ஒரு வண்டியில நெலையா இருங்க” என்றார். அதற்கப்புறம் அம்பாசமுத்திரம் வரை நான் எழுந்திருக்கவில்லை.

அம்பாசமுத்திரம் பஸ்டாண்டில் அந்த வண்டி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. போர்டைப் படித்துவிட்டு, பாபநாசம்தானே என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். ஆட்களை விலக்கிக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனால், ஜன்னலோரத்தில் மாமா.

வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் மஞ்சப்பை. என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய் நிறையப் பல். உச்சிவெயில் அந்தப் பல்லில் பட்டு எனக்குக் கண் கூசியது.

“என்ன மாப்பிள, எடம் போட்டா மட்டும் போதுமா? ஆள் வரண்டாமா?”

முன்சீட்டில் புத்தம் புது எவர்சில்வர் அண்டாவை மடியில் வைத்திருந்த பெண்தான் எல்லாவற்றையும் சொன்னாள். விக்கிரமசிங்கபுரத்துக்காரி, மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கிக்கொண்டு போகிறாள். நான் பையைப் போடுவதை அவள் பார்த்திருக்கிறாள். கைக்கட்டோடு ஒருத்தர் கஷ்டப்பட்டுப் போட்ட இடம், பின்வாசலில் ஏறியிருப்பார், கூட்டத்தில் வரமுடியாமல் நிற்கிறார் என்று நினைத்து, உட்கார வந்தவர்களையெல்லாம் விரட்டியிருக்கிறாள். பத்தமடையில் ஒருத்தர் பையைத் தூக்கப் பார்த்தாராம். அண்டாவை ஒரு தட்டுத் தட்டினேன், ஆள் ஓடியே போயிட்டாரு என்றாள்.

அம்பையில் மாமா ஏறி நேராக அந்த சீட்டுக்கு வந்திருக்கிறார். அவரையும் அவள் விடவில்லை.

“கையில கட்டுப் போட்டவருக்கு உள்ள எடம்னு சொன்னேன். இவிய என்னமோ சொன்னாவ. ஒண்ணும் வெளங்கல, காத்தாத்தான் வந்துச்சு. பைய வேற எடுக்காவ. வயசான மனுசன்னும் பாக்காம நான் கையப் பிடிச்சிட்டேன்.”

“பிடிச்சா” என்றார் மாமா, இன்னும் வலிக்கிற மாதிரி.

மாமா பையிலிருந்து துண்டை எடுத்து, துண்டைப் பிரித்து, டப்பாவைத் திறந்து பல்செட்டை எடுத்திருக்கிறார். அவளிடமே தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கழுவியிருக்கிறார். வாயைத் திறந்து மாட்டி, ஒருமுறை கடித்துப் பார்த்து, பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இப்போது உட்காரலாமா என்று தெளிவாகக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் அரையடி பின்வாங்கி வழிவிட்டார்களாம்.

“பத்திரம் காட்டுன மாதிரில்லா காட்டிட்டாவ” என்றாள் அவள். அண்டா குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

நான் அவளைக் கும்பிட்டேன். பழக்கமாகிவிட்டது, ஒற்றைக் கையால்தான். அப்புறம் மாமாவிடம், இறங்குங்கள், ஆழ்வார்குறிச்சி வண்டி அந்தப்பக்கம் நிற்கிறது, வீட்டில் எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்கள் என்றேன்.

“எதுக்கு எறங்கணும்?” என்றார் மாமா.

“நாளைக்கு விசேஷம் மாமா.”

“நாளைக்குத்தானே. வீட்டுல அம்பது பேர் இருக்காவ. ரெண்டு வாரமா ஆளுக்கொரு கஞ்சி ஊத்திட்டு, நான் சொல்லுததையெல்லாம் அவங்களா சொல்லிக்கிட்டிருந்தாவ. எடம் போட்டு உக்காந்தாச்சு. ஜன்னலோரம் வேற.” கண்டக்டர் பக்கம் கையை நீட்டினார். “ரெண்டு பாபநாசம்.” அதில் கடைசி எழுத்துகள் காற்றாகப் போகாமல் சுத்தமாக வந்து விழுந்தன. அதைக் கேட்டு அவருக்கே சந்தோஷம். இன்னொரு தடவை, சும்மாவே, “பாபநாசம்” என்றார்.

விசில் ஊதியாயிற்று. வண்டி நகர்ந்தது. போன் அடித்தது. ஒரு கை மாவுக்கட்டில், ஒரு கை கம்பியில். எடுக்கமுடியவில்லை என்பதை விட, எடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. பல் வந்துவிட்டது, நானும் வந்துவிட்டேன், இரண்டு பேரும் உன் அப்பாவோடு பாபநாசம் போகிறோம் என்றால் அவள் எந்த முனையிலிருந்து கேட்க ஆரம்பிப்பாள்?

விக்கிரமசிங்கபுரத்தில் அண்டாக்காரி இறங்கினாள். மாமாவுக்குப் பக்கத்திலிருந்தவரும் எழுந்தார். வாசல் பக்கமிருந்து மூன்று பேர் அந்த சீட்டை நோக்கி வந்தார்கள். மாமா மடியிலிருந்த புதுத் துண்டை உருவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வீசு வீசினார். துண்டு சீட்டில் விரிந்து விழுந்தது. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

“உக்காருங்க மாப்பிள” என்றார். “இப்படித்தான் போடணும்.”

நான் துண்டைத் தூக்கி, அடியில் ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டேன். மறுபடி ஒருமுறை அவர் வாயையும் பார்த்துக்கொண்டேன். மேல்வரிசை அங்கேதான் இருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்தேன்.